வயிற்றுப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. கட்டாயம் வந்துவிடுமா?

பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எல்லாம் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 29. ஆறு வயதில் ஒரு மகள். இப்போது 26 வாரக் கர்ப்பம். மகளைச் சுமந்தபோது எடுத்த எச்.ஐ.வி. சோதனை நெகட்டிவ். இந்த முறை தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்புக்கு மாறிய அலைச்சலில், கிளினிக்கில் போய்ப் பதியவே 22 வாரம் ஆகிவிட்டது. அங்கே எடுத்த சோதனை பாசிட்டிவ். மறு சோதனையும் அதையே உறுதி செய்தது. மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டார். ஒரே வாந்தி. போதாக்குறைக்கு மாமியார் புட்டியைக் கையில் எடுத்து, "இது என்னம்மா மருந்து?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நிறுத்தியவர்தான், எட்டு நாளாகத் தொடவில்லை.

கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். விஷயம் தெரிந்ததும், "நீ எங்கிருந்து கொண்டுவந்தாய்?" என்றாராம். அவர் சோதனைக்கு வர மறுக்கிறார். கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவர் இவர்களுடைய தாமானிலேயே குடியிருக்கிறார். செய்தி பரவிவிடுமோ என்ற பயத்தில் இந்தச் சகோதரிக்குத் தூக்கம் இல்லை. கெடாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், அங்கே ஒரு சிறிய தனியார் பிரசவ இல்லத்தில், இது பற்றி வாயே திறக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஆப்பரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா, தாய்ப்பால் கொடுக்காவிட்டால் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது, மூத்த மகளுக்கும் இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறார். நடுவில் ஒரே வரியில், பிறப்புறுப்பில் புண்ணும் அரிப்பும் இருப்பதாகவும், வெட்கத்தால் அதை கிளினிக் நர்ஸான மிஸியிடம்கூடச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "என் ரத்தம்தானே டாக்டர் பிள்ளைக்கும் ஓடுது, அப்புறம் எப்படித் தப்பும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற பயங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைத்திருக்கின்றன. உங்கள் ரத்தம் பிள்ளையின் உடம்பில் ஓடவில்லை. பிள்ளைக்குத் தனி ரத்தம், தனி ஓட்டம். நஞ்சுக்கொடிக்குள் இரண்டு ரத்தமும் அக்கம்பக்கமாக வந்து நிற்கும், நடுவே ஒரு மெல்லிய தடுப்பு இருக்கும். சத்தும் பிராணவாயுவும் அந்தத் தடுப்பைக் கடந்து பிள்ளைக்குப் போகும், கழிவு உங்களிடம் திரும்பி வரும். எச்.ஐ.வி. வைரஸ் அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. உங்கள் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தாலோ, நஞ்சுக்கொடியிலோ பனிக்குடத்திலோ கிருமி பிடித்து அழற்சி வந்தாலோ கடக்கும் வாய்ப்பு கூடும். அதனால்தான் அந்த இரண்டையும் அடக்கி வைக்கப் பாடுபடுகிறோம்.

கணக்கைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் தெளிவாக இருக்கும். மருந்தே எடுக்காத 100 தாய்மார்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலும் கொடுக்கவில்லை என்றால் 15 முதல் 30 பிள்ளைகளுக்குத் தொற்று வரும். மாதக்கணக்கில் தாய்ப்பாலும் கொடுத்தால் அது 45 வரை போகும். அதாவது ஒன்றுமே செய்யாத நிலையிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பிவிடுகின்றன. "கட்டாயம் வரும்" என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது தவறு. தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, வைரஸ் அடங்கிய நிலையில் பிரசவித்தால் இந்த எண்ணிக்கை 100-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கர்ப்பத்துக்கு முன்பே மருந்து தொடங்கி, பிரசவத்தின்போது வைரஸ் அடங்கியிருந்த தாய்மார்களுக்குப் பிறந்த 2,651 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கும் தொற்று இல்லை.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். தாமதமாகத் தெரிந்தது, தொடங்கிய மருந்தும் நின்றுவிட்டது. ஆனால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 38 வாரம் வரை எண்ணினால் 84 நாள். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உங்களைவிடத் தாமதமாக, 28 வாரத்துக்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த மருந்தைத் தொடங்கிய பெண்களைக் கவனித்தார்கள். அவர்களில் 74 விழுக்காட்டினருக்குப் பிரசவத்தின்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் அளவு 50-க்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது பொதுவாக 55 நாள் அளவுதான். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களில் டோலுடெக்ராவிரும் ஒன்று.

மாத்திரையை உடனே மீண்டும் தொடங்க வேண்டும்

ஒரு தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. போகுமா போகாதா என்பதைத் தீர்மானிப்பவற்றில் மிகப் பெரியது தாயின் ரத்தத்தில் இருக்கும் வைரஸ் அளவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்று எண்ணிச் சொல்லும் அந்தச் சோதனையை டாக்டர்கள் வைரல் லோடு என்பார்கள். அது ஆயிரக்கணக்கிலோ லட்சக்கணக்கிலோ இருந்தால் ஆபத்து அதிகம், 50-க்குக் கீழே இருந்தால் ஆபத்து மிகமிகக் குறைவு. அதைக் குறைக்க மாத்திரையைத் தவிர வேறு வழி கிடையாது. சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலும் ஆபத்து கூடும், அதைத் தூக்கிவிடுவதும் இதே மாத்திரைதான்.

மாத்திரை நின்றால் வைரஸ் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. அதனால் எட்டு நாள் விட்டதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். "ஒழுங்காகச் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டால், வைரஸ் குறையாததற்கு வேறு காரணம் தேடி அவர்கள் நாளை வீணாக்க வேண்டியிருக்கும். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். வாந்திக்குப் பாதுகாப்பான மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வயிறு ஒத்துக்கொள்ளும் நேரத்தில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகோ தூங்கப் போகும் முன்போ மாத்திரையை வைத்துக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் இருக்கட்டும்.

இன்னொன்று. நம் பெண்களுக்கு ரத்தச் சோகை சாதாரணம், அதனால் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு இவற்றைச் சேர்த்து விழுங்கினால் எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சாப்பிடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை முதலில் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை, அல்லது இரும்பு மாத்திரை சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் சுண்ணாம்பு போன்ற மருந்துகளைச் சாப்பாட்டோடும் இதனுடன் சேர்க்க வேண்டாம், அவற்றுக்கு அதே இடைவெளியை எப்போதும் விடுங்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் வைரஸ் இறங்காத சிலரைப் பார்த்திருக்கிறேன், விசாரித்தால் இந்தச் சின்ன விஷயம்தான் காரணமாக இருக்கும். மருந்து பிள்ளையின் உறுப்புகளைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து அப்படி ஒரு சந்தேகம் கிளம்பியது உண்மை. அதுவும் கருவுறும் நாளிலேயே இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பற்றியது. மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தபின் அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. இப்போது கர்ப்பிணிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது.

இந்த மருந்துகள் இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, சோதனையே எடுக்காத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு நாங்கள் பிரசவம் பார்த்தோம். பிள்ளைக்கு இரண்டு வயதாகி, நிமோனியா வந்து படுத்தபோதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்க்கும், பிறந்தபின் பிள்ளைக்கும் சிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் தொற்று 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆகக் குறைகிறது என்று 1994-இலேயே தெரிந்திருந்தது. அந்தத் தாய்க்கு அது போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அவருக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது. 1998-இல் மலேசிய அரசு கிளினிக்குகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எச்.ஐ.வி. சோதனை வந்தது. 2018-இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். ஒழித்தது என்றால் ஒரு பிள்ளைக்கும் வராது என்று பொருள் இல்லை, 100-இல் இரண்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று பொருள். மிச்சமிருக்கும் அந்தச் சில பிள்ளைகள் பெரும்பாலும் தாமதமாகப் பதிந்த, மருந்தை நிறுத்திய, கிளினிக்கிலிருந்து மறைந்துபோன தாய்மார்களின் பிள்ளைகள். உங்கள் திட்டத்தைப் படித்தபோது எனக்குக் கவலை வந்தது அதனால்தான்.

சொல்லாமல் பிரசவம் பார்த்தால்

நீங்கள் யோசித்து வைத்திருக்கும் அந்த இரவை நானும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். பனிக்குடம் உடைகிறது. வலி இன்னும் வரவில்லை, விடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். மருந்து எடுக்காத தாய்க்குப் பனிக்குடம் உடைந்து போகும் ஒவ்வொரு மணி நேரமும், ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடிக்கொண்டே போகும். ஆறு மணி நேரம் கழித்துப் பிரசவ இல்லத்துக்குப் போகிறீர்கள். அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள், தங்களுக்குத் தெரிந்த முறைப்படி எல்லாவற்றையும் செய்வார்கள். பிள்ளையின் தலை இறங்கத் தாமதமானால் தலையை உறிஞ்சி இழுக்கும் வாக்குவம் கருவியை வைப்பார்கள், அதில் பிள்ளையின் தலைத்தோல் சிராய்க்கலாம். கீழே கத்தி போட்டு வழியைப் பெரிதாக்குவார்கள், அதில் உங்கள் ரத்தம் பிள்ளையின் மேல் படும். பிள்ளை பிறந்ததும் நல்ல பழக்கம் என்று உடனே மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்கச் சொல்வார்கள்.

வேறொரு தாய்க்கு இவற்றில் ஒன்றும் தவறில்லை. வைரஸ் அடங்காத தாய்க்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் இல்லாத நிலையில், பிள்ளைக்குப் போகும் தொற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிரசவ நேரத்தில்தான் போகிறது. மிச்சம் வயிற்றில், அதுவும் பெரும்பாலும் கடைசி வாரங்களில். விஷயம் தெரிந்த ஆஸ்பத்திரியில் அந்த நேரத்துக்குத் தேவைப்பட்டால் உங்களுக்கு நரம்பில் சிடோவுடின் ஏற்றுவார்கள். பனிக்குடத்தைத் தாங்களாக உடைக்க மாட்டார்கள். ஆயுதம் போட்டு எடுப்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். பிள்ளை பிறந்த சில மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துச் சிரப்பைத் தொடங்கிவிடுவார்கள். தெரியாத இடத்தில் இதில் ஒன்றும் நடக்காது.

கெடாவுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. பிரசவத்துக்கு அம்மா மடி வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். 34 வாரத்துக்குள் போய்விடுங்கள், ஆனால் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். சுங்கைப்பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. உங்கள் டாக்டர் கடிதம் எழுதி அனுப்பினால் அங்கே தொடர்ந்து பார்ப்பார்கள். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்ற உங்கள் விருப்பமும் அதில் நிறைவேறிவிடும். அங்கே போனபின் தண்ணீர் உடைந்தாலோ, மாதம் முடியும் முன்பே வலி வந்தாலோ, இரவா பகலா என்று பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். குறைமாதப் பிள்ளைக்குத் தொற்றும் ஆபத்து கூடுதல். ராத்திரி எந்தக் காரில், யார் ஓட்டிப் போவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புண்ணைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பீஸ், சிபிலிஸ் போன்றவை பிறப்புறுப்பில் புண்ணை உண்டாக்கும், அந்த இடத்தில் வைரஸ் கூடுதலாகக் கசியும். சிபிலிஸ் தனியாகவே பிள்ளையைத் தாக்கக்கூடியது, பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். அரிப்பு வெறும் பூஞ்சையாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். மிஸி இதுபோல நூறு பேரைப் பார்த்திருப்பார். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

ஆப்பரேஷன் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 34 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு எடுப்பார்கள், முடிவு அதைப் பொறுத்தது. 50-க்குக் கீழே இருந்தால், வேறு காரணம் இல்லாதவரை சாதாரணப் பிரசவமே போதும். அந்த நிலையில் ஆப்பரேஷன் பிள்ளைக்குக் கூடுதலாக எந்தப் பாதுகாப்பும் தராது, உங்களுக்குத்தான் தையலும் காய்ச்சலும். 1000-க்கு மேல் இருந்தால் வலி வருவதற்கு முன், 38 வாரத்தில் நாள் குறித்து சிசேரியன் செய்வது பிள்ளையைக் காக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் டாக்டர்கள் உங்களோடு பேசி முடிவெடுப்பார்கள். ஆக, ஆப்பரேஷன் வேண்டாம் என்ற உங்கள் ஆசைக்கும் வழி அந்தப் புட்டியில்தான் இருக்கிறது.

தாய்ப்பாலும் மாமியாரும்

தாய்ப்பாலில் வைரஸ் இருக்கும். தாய்க்கு முலைக்காம்பு வெடித்தாலோ, பால் கட்டிச் சீழ் பிடித்தாலோ, பிள்ளையின் வாயில் புண் இருந்தாலோ ஆபத்து இன்னும் கூடும். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் பால் கொடுக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். சுத்தமான தண்ணீரும் பால் மாவும் கிடைக்காத இடங்களில், புட்டிப்பாலால் வரும் வயிற்றுப்போக்கே பிள்ளைகளைக் கொன்றுவிடும். அதனால் அங்கே தாய் மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுப்பதுதான் மேல். நீண்ட காலம் வைரஸ் அடங்கியிருக்கும் தாய்மார்கள் பால் கொடுக்க விரும்பினால், டாக்டர் கண்காணிப்போடு அனுமதிக்கும் நாடுகளும் இப்போது இருக்கின்றன. அப்போதும் ஆபத்து சிறியது, பூஜ்ஜியம் இல்லை. உங்கள் வைரஸ் இன்னும் அடங்கவில்லை, நம் நாட்டில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால் கலக்க முடியும். அதனால் உங்களுக்கு என் ஆலோசனை முழுக்க பால் மாவுதான். அரசாங்கத்தின் பால் மாவு உதவியைப் பற்றி மிஸியிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மிகவும் மோசமானது இரண்டையும் கலப்பது. மாமியார் முன்னால் மார்பில் போட்டுவிட்டு, அறைக்குள் போய்ப் புட்டி கொடுக்கலாம் என்று நினைக்கும் தாய்மார்கள் உண்டு. பால் மாவு, தேன், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து போகும்போது பிள்ளையின் குடல் உள்தோல் நலிந்து, வைரஸ் நுழைய எளிதாகிவிடுகிறது. ஒரு முறை, இரண்டு முறை என்றுகூட வேண்டாம். பால் கட்டாமல் இருக்க மாத்திரை இருக்கிறது, பிரசவமான அன்றே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மார்பில் பால் நிறைந்து வலிக்கும்போது, பிள்ளையும் பக்கத்தில் அழும்போது, மனம் தளர்ந்துவிடும். அது உங்கள் குற்றம் இல்லை, ஆனால் முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

மாமியாரிடம் என்ன சொல்வது? பொய் சொல்லத் தேவையில்லை, முழுவதையும் சொல்லவும் தேவையில்லை. "என் உடம்பு இருக்கும் நிலையில் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லுங்கள், அது உண்மைதான். அதைவிட நல்லது, வார்டில் டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர் முன்னிலையில் டாக்டரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்வது. நம் மாமியார்கள் மருமகள் பேச்சைத் தட்டினாலும் டாக்டர் பேச்சைத் தட்டுவது குறைவு. கோபமாக வந்தாலும், அவரும் பேரப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார் என்பதை மறக்காதீர்கள்.

பிள்ளை பிறந்தபின் நான்கு முதல் ஆறு வாரம் வரை சிரப் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வேளையும் தவறக்கூடாது. பிறந்ததும், பிறகு ஆறு வாரத்திலும், மூன்று நான்கு மாதத்திலும் பிசிஆர் என்ற சோதனை எடுப்பார்கள், அது வைரஸையே தேடும். இடையில் பயம் தாங்காமல் வெளியே எங்காவது சாதாரண எச்.ஐ.வி. சோதனை எடுத்துவிடாதீர்கள். உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், ஒன்றரை வயது வரைகூட தங்கியிருக்கும். தொற்று இல்லாத பிள்ளைக்கும் அந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டி உங்களை உலுக்கிவிடும். தடுப்பூசி அட்டவணையில் சிறு மாற்றம் தேவைப்படலாம், பிள்ளைகள் டாக்டர் சொல்வார்.

"நீ எங்கிருந்து கொண்டுவந்தாய்?"

உங்கள் கணவரின் இந்தக் கேள்வி என்னை வருத்தியது, ஏனென்றால் பதில் தெரியாமலே தீர்ப்பு எழுதிவிட்டார். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சோதனை எடுக்கிறார்கள், கணவர்கள் எல்லாருக்கும் எடுப்பதில்லை. அதனால் ஒரு வீட்டில் முதலில் கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் மனைவிதான். முதலில் தெரிந்தவர்தான் முதலில் தொற்றியவர் என்று ஆகாது. யாருக்கு எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் திட்டமாகச் சொல்லாது. உங்களிடமும் நான் கேட்கப் போவதில்லை, பிள்ளையைக் காக்க அந்தப் பதில் தேவைப்படாது.

ஆனால் அவருடைய சோதனை தேவை. தொற்று புதிதாக வரும் முதல் சில வாரங்களில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், கர்ப்பத்தின்போதே தொற்றியிருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். அவரிடம் வேறு பால்வினை நோய் இருந்தால் அது உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும், அந்தப் புண்ணுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவர் நெகட்டிவ் என்றால் அவரைக் காக்க ப்ரெப் என்ற மாத்திரையும் இருக்கிறது. இப்போதைக்கு ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். அவர் எச்.ஐ.வி. உள்ளவராக இருந்தாலும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாகப் போகாது, தாயின் வழியாக மட்டுமே போகும். நீங்கள் சொல்லி அவர் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் விட்டுவிடுங்கள், அவரைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள். அடித்தாலோ, வீட்டை விட்டுத் துரத்தினாலோ, அதை உங்கள் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூத்த மகளைப் பற்றி: அவளைச் சுமந்தபோது நீங்கள் நெகட்டிவ், அதனால் அவளுக்கு இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சமயத்தில் உங்களுக்குத் தொற்றியிருந்தால் அவளுக்கும் வந்திருக்கலாம். ஒரே ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். கூடவே சாப்பிடுவதாலும், கட்டிப்பிடித்துத் தூங்குவதாலும், ஒரே கழிவறையாலும் வராது. சோற்றை மென்று பிள்ளைக்கு ஊட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

செய்தி பரவிவிடுமா?

பாசார் மாலாமில் ஒரு முனையில் பேசியது மறு முனைக்குப் போய்ச் சேரும் ஊர்களில்தான் நானும் வளர்ந்தேன், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர்கள் எச்.ஐ.வி.யை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது நோய்க் கட்டுப்பாட்டுக்கு. உங்கள் தாமானுக்கோ, கணவரின் முதலாளிக்கோ, மாமியாருக்கோ தெரிவிப்பதற்கு இல்லை. நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்வது கிளினிக் ஊழியர்களுக்கு விதிமீறல். பக்கத்தில் குடியிருப்பவர் இருக்கிறார் என்று கிளினிக் டாக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லி, அவர் உங்கள் கோப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கு மாற்றிக் கேட்கலாம். கர்ப்பப் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் பிங்க் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மிஸியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் உண்டே. மாத்திரையைப் பழைய வைட்டமின் புட்டியில் மாற்றி வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்வதானால், மாற்றலாமா, ஈரம் பிடிக்காமல் எப்படி வைப்பது என்று மருந்துக் கவுண்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மகளின் கைக்கும் எட்டக்கூடாது. உங்களைப் போன்ற இன்னொரு தாயிடம் பேச வேண்டும் போல் இருந்தால், மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் மூலம் அப்படிப்பட்டவர்களோடு தொடர்பு கிடைக்கும்.

நாளைக் காலையில் கிளினிக்குக்குப் போங்கள், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். "எட்டு நாள் மருந்தை விட்டுவிட்டேன், வாந்தி தாங்கவில்லை, கீழே புண்ணும் இருக்கிறது" என்று இந்த மூன்றையும் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். போகும்போது மாத்திரைப் புட்டியை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள், திட்டுவதற்காக இல்லை.